சுவரைச் சுரண்டாமல் நிறமறிதல்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள் போன்றவற்றைச் செப்பனிடுமுன், ஒரு சிவப்பு காவிக்கல்லா, சாதிலிங்கமா என அறிதல் அவசியம். கண்ணுக்கு இரண்டும் சிவப்பே. சுரண்டிச் சோதித்தாலோ ஓவியம் சிதையும்.

இங்குத் துணைபுரிவது எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை. எக்ஸ்-கதிர் பட்ட அணு, உட்கூட்டு எலெக்ட்ரான் ஒன்றை இழக்கிறது. வெளிக்கூட்டு எலெக்ட்ரான் அவ்விடத்தை நிரப்பும்போது, அத்தனிமத்திற்கே உரிய ஆற்றலுடன் கதிர் வெளிப்படுகிறது. காவிக்கல்லிலுள்ள இரும்பு 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலும், சாதிலிங்கத்திலுள்ள பாதரசம் ஏறத்தாழ 10-லும் தம்மைக் காட்டிக்கொள்ளும்.

புள்ளிபுள்ளியாக அளந்தால் தனிமங்களின் வரைபடமே கிடைக்கும். ஆனால் எத்திசையிலும் சிதறும் கதிர்களில் ஓர் உணர்கருவி சிறுபகுதியையே பெறும், காலம் நீளும். உணர்கருவிகளைப் பெருக்குவதே இதற்குத் தீர்வு. ஆஸ்திரேலிய சிங்க்ரோட்ரானில் 384 உணர்விகள் கொண்ட 'மாயா' அணி, பிரெஞ்சு ஓவியர் தெகாவின் ஓவியமொன்றின் அடியில் மறைந்திருந்த பெண்முகத்தை 33 மணி நேரத்தில் வெளிக்கொணர்ந்தது. இவ்வாய்வு 2016-இல் வெளியாயிற்று.

நம் நாட்டிலும் இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் இம்முறைக்கான கதிர்த்தடம் உண்டு. எனினும் சுவர் அங்குச் செல்லாது. கருவியே சுவரை நாடி வரவேண்டும். கையடக்கக் கருவிகள் அப்பணியைத் தொடங்கித் தருகின்றன. முதலில் அளத்தல், பின்னரே தூரிகை என்பது செப்பனிடுவோரின் விதியாகட்டும்.