மூங்கிலும் மிதிவண்டியும்

புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைத்தார். தேர்வின்பொருட்டு இதனை மனனஞ்செய்த யான், மூங்கில் மரமன்று புல்லே என்பதன் பொருளைச் சென்ற விடுமுறையில் ஒரு மிதிவண்டியின் வாயிலாகவே உணர்ந்தேன்.

மூங்கிலைக் குறுக்கே அறுத்துக் கூர்ந்து நோக்குமின். நடுவே வெற்றிடம், சுவரின் உட்புறத்தில் நார்கள் அருகியும் வெளிப்புறத்திற் செறிந்தும் நிற்கும். ஒரு தண்டை வளைக்கும் விசை அதன் புறவிளிம்பையே மிகத் தாக்கும்; நடுப்பகுதி பெரும்பாலும் வாளாவிருக்கும். வன்மை வேண்டுமிடத்து நாரைக் குவித்து, வேண்டாவிடத்தை வெறுமையாக விட்டது இப்புல். கணுக்களிலுள்ள குறுக்குத் தட்டுக்கள் குழல் நசுங்காமற் காக்கின்றன. உலர்ந்த மூங்கில் நீரில் மிதக்கும். எஃகோ நீரினும் ஏறத்தாழ 7.8 மடங்கு கனமுடையது.

இக்கருத்துப் பழையதே. 1894-இல் இங்கிலாந்தில் மூங்கில் மிதிவண்டி காட்சிக்கு வந்தது. 1896-இல் அமெரிக்காவில் இருவர் அதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் எஃகே வென்றது. காரணம் மூட்டு என்க. எஃகுக் குழாய்கள் ஓரளவின, பற்றவைப்பின் ஒன்றாகிவிடும். மூங்கிலோ கழிக்குக் கழி பருமன் வேறுபடுவது. அன்றியும், ஈரங்கண்டு பருத்தும் உலர்ந்து சுருங்கியும் வருதலின், உலோக வளையத்திற் செருகிய கழி நாளடைவில் நெகிழும்.

இக்குறையைப் பசை தீர்த்தது. அமெரிக்கராகிய கிரெய்க் கால்ஃபீ, தம் நாய் கடித்தும் ஒடியாத மூங்கிற் கழியைக் கண்டு வியந்து, 1995-இல் ஒரு வண்டி சமைத்தார் என்பர். நாரிழைகளை எப்பாக்சிப் பசையில் தோய்த்து மூட்டின்மேல் இறுகச் சுற்றுவர். அஃது உறைந்தபின் கழியின் பருமன் எதுவாயினும் கவலையில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டினர் இத்தொழிலை மேற்கொண்டுள்ளனர். 2022-இல் இந்தோனேசியத் தலைவரும் ஆஸ்திரேலியப் பிரதமரும் போகோர் நகரில் மூங்கில் வண்டியூர்ந்தனர். எனினும் முன்கவையும் உருளைகளும் பொதுவாக உலோகத்தானாயவையே. பசையோ மண்ணில் மக்குவதன்று. இவ்வண்டியை முற்றும் இயற்கைப் பொருளெனப் புகழ்வார் இதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகத் தோன்றவில்லை.

இனி எங்கள் கதை. என் நண்பன் கல்லூரிக்கு மூன்று கல் நடந்து வருபவன். அவன் தந்தையார் ஊர்ந்த வண்டியின் சட்டம் துருவேறி முறிந்துபோயிற்று. புதிது வாங்கப் பொருளில்லை. ஆற்றங்கரையிற் பச்சை மூங்கில் வெட்டி வெயிலில் உலர்த்தினோம். நான்காம் நாள் ஒவ்வொரு கழியும் நுனிமுதல் அடிவரை வெடித்துக் கிடந்தது. நெடுக ஓடும் நாரை யிழுத்து அறுப்பது அரிது. ஆயின் நாருக்கும் நாருக்கும் உள்ள பிணிப்போ மெலிது. விரைந்து உலருங்கால் சுருக்கம் அப்பிணிப்பைப் பிளந்துவிடும். நிழலிற் பல திங்கள் உலர்த்தல் வேண்டும். மாப்பொருளை நாடிவரும் வண்டுக்கு அஞ்சி வெண்காரக் கரைசலில் ஊறவைத்தலும் வேண்டும். இவற்றைப் பின்னரே படித்தோம்.

முற்றிய மூங்கிலாகத் தேர்ந்து, முறைப்படி ஊறவைத்த எட்டுக் கழிகள் இப்பொழுது நண்பன் வீட்டு அடுப்பங்கரைப் பரணில் புகையுண்டு கிடக்கின்றன. அவன் தாயார் வாரமொருமுறை அவற்றைத் திருப்பிவைத்து, வெடிப்புக் கண்டதாவென்று பார்த்துச் சொல்லுகின்றார். இதுவரை ஒன்றே வெடித்தது.