பழைய ராணுவ பெல்ட் சேர்ப்பவர்களுக்கு

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் அணிந்த '1937 மாதிரி' பருத்திப் பட்டைச் சாமான்களிலிருந்து தொடங்கலாம். இடுப்பு பெல்ட், தோள் வார், தோட்டாப் பை, தண்ணீர் பாட்டில், சின்ன முதுகுப்பை எல்லாம் ஏராளமாகத் தயாரானவை, இன்றும் கிடைக்கின்றன.

செய்ய வேண்டியவை

முதலில் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். விலை பேசுவது அப்புறம். அம்பு முத்திரை இருந்தால் பிரிட்டிஷ் அரசு உடைமை. அந்த அம்பு 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா. பக்கத்திலேயே தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கும். இந்தியாவில் தயாரானவை பெரும்பாலும் நெசவு சற்றுத் தளர்வாக இருக்கும். அதைக் குறையென்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அவைதான் பிடிக்கும்.

பட்டையில் சிப்பாயின் எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், எண்தான் ஆளைக் காட்டும். போரில் இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம்.

தோல் சாமான்களும் சேர்த்தால், தோலையும் பித்தளையையும் ஒன்றையொன்று தொடவிடாமல் வையுங்கள். தோலின் கொழுப்பு பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும்.

செய்யக்கூடாதவை

துவைக்காதீர்கள். சிப்பாய்கள் 'பிளாங்கோ' என்ற நிறக்கட்டியை நீரில் குழைத்துப் பட்டைமீது தேய்ப்பார்கள். அடுக்கடுக்காகப் படிந்த அந்தப் பூச்சு, மையில் எழுதிய எண், வியர்வைக் கறை எல்லாம் ஒரே அலசலில் போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். பளபளக்கும் பெல்ட் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே! தோலுக்கு எண்ணெயும் வேண்டாம். கறுத்து, பிசுபிசுத்து, நாளடைவில் தையலும் கெடும்.

"பர்மாப் போர்முனையில் இருந்தது" என்று விற்பவர் சொல்வார். காகிதச் சான்று இல்லாத கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

போர்க்கால வாயு முகமூடியை விளையாட்டுக்குக்கூட மாட்டிப் பார்க்காதீர்கள். அக்கால பிரிட்டிஷ் முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் உண்டு. 2014இல் பிரிட்டன் இதற்காகவே பள்ளிகளை எச்சரித்தது.

பிரான்சின் சோம் போர்க்களத்துக்குப் போனால், மண்ணில் தெரியும் இரும்பைக் கையால் தொடாதீர்கள். முதல் உலகப்போரின் வெடிக்காத குண்டுகள் இன்றும் அங்கே உழவில் வெளிவருகின்றன.

ஜெர்மன் பக்கிள் பக்கம் கைப்பழக்கம் வரும்வரை போகவே வேண்டாம். போலிகள் அங்கேதான் அதிகம். ஸ்வஸ்திகா உள்ளதை ஜெர்மனியில் பொதுவில் காட்டுவது, கல்வி, ஆய்வு போன்ற விலக்குகள் தவிர, குற்றமும்கூட.