மெழுகில் நின்றுபோன மின்சாரம்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும், மெழுகு கடத்தாது என்பது நாம் அறிந்ததே. இரண்டையும் கலந்தால் எவ்வளவு கடத்தும்? இந்தச் சின்னக் கேள்விதான் என் மினி புராஜெக்டைக் கவிழ்க்கப் பார்த்தது.

கணக்கு சுலபம் என்று நினைத்தேன். பக்க இணைப்பில் உள்ள இரண்டு மின்தடைகள் மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கடத்துதிறனையும் அதன் கன அளவுப் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். கிராபைட்டுக்கு மீட்டருக்கு 10⁵ சீமென்ஸ், மெழுகுக்கு 10⁻¹⁴ என்று கொண்டால், 10 சதவீதக் கலவைக்கு 10⁴ வரும். பிரமாதம்! பூட்டுக்குப் போடும் கிராபைட் தூளை வாங்கி, உருக்கிய மெழுகில் கலந்து, இரு முனையிலும் கம்பி செருகி ஆறவைத்தேன். 5 சதவீதத்திலும் சரி, 10 சதவீதத்திலும் சரி, மல்டிமீட்டரின் இடது ஓரத்தில் வெறும் 1. அதாவது, பாதையே இல்லை!

"கணக்குல வந்த நம்பரையே ரெக்கார்டுல எழுதிடுடா, யார் பாக்கப்போறா?" என்றான் நண்பன். பென்சிலால் எழுதியும் விட்டேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தனார். படிப்பு மூணாவதோடு சரி. "சிமெண்ட்டைப் பாதியாக் குறைச்சா பலமும் சரியாப் பாதியாவா நிக்கும்? ஒண்ணை ஒண்ணு புடிச்சிருக்கணும்ல" என்றார்.

அங்கேதான் பொறி தட்டியது. கிராபைட் முனைக்கு முனை அறுபடாமல் இருக்கிறது என்று பக்க இணைப்புச் சூத்திரம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அறுந்திருப்பதாக வைத்துத் தொடர் இணைப்பில் போட்டேன். விடை மெழுகின் மதிப்பையே ஒட்டி நின்றது. ஒரே கலவைக்கு இரண்டு விடை, நடுவே 18 பூஜ்யம்! 1873-ல் மாக்ஸ்வெல் தந்த சமன்பாடு தள்ளித் தள்ளி நிற்கும் உருண்டைகளுக்கானது. 10 சதவீதத்தில் அது மெழுகைப்போல் 1.33 மடங்குதான் காட்டும். துகள்கள் தொட்டுக்கொள்வது அதன் கணக்கிலேயே இல்லை.

தொடுவதற்கான கணிதத்தை 1957-ல் பிராட்பென்ட், ஹேமர்ஸ்லி இருவரும் தொடங்கி வைத்தார்கள். அதன் வழியில் பின்னால் வந்த சூத்திரம்:

கடத்துதிறன் = க × (ப − வ)²

ப என்பது கடத்தும் துகளின் பங்கு. வ என்பது வாசல் மதிப்பு. க ஒரு மாறிலி. அடுக்கு ஏறக்குறைய 2. வாசலைத் தாண்டாதவரை துகள்கள் தனித்தனித் தீவுகள். தாண்டினால் சங்கிலி கோத்துக்கொள்ளும். ஒரே அளவு உருண்டைகளுக்கு வாசல் சுமார் 16 சதவீதம். பங்கு 17-லிருந்து 20 ஆனால் அடைப்புக்குள் இருப்பது 4 மடங்கு, விடையோ 16 மடங்கு! தட்டையான துகளுக்கு வாசல் இன்னும் முன்னாலேயே வந்துவிடும்.

கிராபைட் துகள் தட்டைதானே. 15 சதவீதம் கலந்தேன். மீட்டர் கிலோ ஓமில் வந்து நின்றது.

இந்தச் சங்கிலியை அறுத்தும் பிழைக்கலாம். கார்பன் கலந்த பிளாஸ்டிக் சூடேறி விரிந்தால் துகள்கள் பிரிந்து மின்தடை எகிறும். ஆறினால் மறுபடி சேரும். கம்ப்யூட்டர் போர்டுகளில் உள்ள, தானே சரியாகிக்கொள்ளும் ஃப்யூஸ் இதுதான்.

பென்சில் எண்களை அழித்தேன். 1 காட்டிய இரண்டு அளவுகளையும் பேனாவாலேயே எழுதினேன். வைவாவில் சார் அந்த இரண்டு வரியில்தான் விரல் வைத்தார். "இது ஏம்ப்பா கடத்தலை?" கொத்தனார் சொன்னதிலிருந்தே ஆரம்பித்தேன்.