அடுத்த தலைவர் கையில் ஒரு குறுவை

தலைவர் படுத்த பிறகுதான் பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் விஷயம் வெளியே வருகிறது: அரிசி ஆலைக்காரரிடம் பேசிய விலையும் வங்கியில் சொல்லி வைத்த தவணையும் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். காவிரி டெல்டாவில் இதற்கு மருந்து, அடுத்தவரைக் குறுவை, சம்பா எனப் பட்டத்தோடு பட்டமாகப் பழக்குவதுதான்.

ஆளைத் தேடாதீர்கள், முதலில் வேலைகளை எழுதுங்கள். விதை, உரம், விற்பனை, வங்கி, கணக்குத் தாக்கல் என ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர்: இப்போது செய்பவர், அவர் வராவிட்டால் செய்பவர். இரண்டாம் பெயர் இல்லாத வரிகள்தான் உங்கள் பயிற்சித் திட்டம்.

அடுத்து, நிறுவனச் சட்டத்தைப் பாருங்கள். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர் வரை இருக்கலாம். பதவிக்காலம் 1 முதல் 5 ஆண்டுக்குள், உங்கள் சங்க விதிகள் சொல்கிறபடி. எல்லாரும் ஒரே ஆண்டில் இறங்காதபடி அமைத்துக்கொள்ளுங்கள். முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் உறுப்பினராக இருக்கக் கூடாது. 2020-இல் இந்த நிறுவனங்களுக்காக வந்த மத்திய அரசுத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு உதவி 3 ஆண்டுக்குத்தான். அது நின்றதும் சம்பளத்துக்கு வந்த ஆள் போய்விடுவார். அதற்குள் உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் அந்த நாற்காலிக்குத் தயாராக வேண்டும். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்த தலைவராக யாரைத் தேர்ந்தெடுப்பது? மைக் பிடிப்பவரை விடுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கவனியுங்கள். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். கருவி 19 காட்டுகிறது, மேகம் கட்டுகிறது, படுதா ஒன்றுதான் இருக்கிறது. யாருடைய நெல்லை முதலில் மூடுகிறார்? தன் குவியலை விட்டு அடுத்தவர் குவியலுக்கு ஓடுகிறவர்தான் உங்கள் ஆள்.

அவர் கையில் ஒரு குறுவையை முழுசாகக் கொடுங்கள். குறுகிய பட்டம், தவறினாலும் சம்பாவில் சரிசெய்யலாம். காசோலையில் அவருக்கும் கையெழுத்து உரிமை வேண்டும். அது இல்லாத பொறுப்பு வெறும் எடுபிடி வேலை. உறுப்பினர்கள் பழைய தலைவருக்கே போன் போடுவார்கள்: "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆவும்." மாமா சொல்ல வேண்டிய பதில்: "தம்பிகிட்டயே கேளுங்க." இந்த ஒரு வாக்கியம்தான் மூத்தவர்களுக்கு வாயில் வராது.

வேலையைக் கொடுத்து ஆளை வளர்த்ததற்கு டெல்டாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் 2003 நடைபயணம் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு. வழியில் கிடைத்த பாரம்பரிய நெல் விதைகளைப் பெருக்கும் வேலை திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஜெயராமன் கைக்கு வந்தது. பட்டமோ பதவியோ அல்ல, வேலை. 'நெல்' என்பது பின்னாளில் வந்த அடைமொழி. 2006-இல் நெல் திருவிழா தொடங்கியது. 2 கிலோ விதை வாங்குபவர் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, விதை எவர் ஒருவர் வீட்டிலும் தேங்கவில்லை. 2013 டிசம்பரில் நம்மாழ்வாரும் 2018 டிசம்பரில் ஜெயராமனும் மறைந்தார்கள். திருவிழா நின்றுவிடவில்லை.

குறுவை முடிந்ததும் வரவு செலவை அந்த இளைஞரே உறுப்பினர்கள் முன் வாசிக்கட்டும். நட்டம் இருந்தால் அதையும் அவரே. சம்பாவை இருவரும் சேர்ந்து பாருங்கள். மழை, வெள்ளம், பயிர்க் காப்பீடு எல்லாம் அதில் வரும். பிறகு பழையவர் விலகும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அன்றைக்கே வங்கியில் கையெழுத்தை மாற்றிவிடுங்கள்.