மஞ்சள் அம்பைப் பின்தொடருங்கள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் கிராமத்துக்கு வருகிறவர்களில் பலர், ஆற்றுப் பாலங்களைப் படமெடுத்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது அதிகம். வயல்வழியே அரை மணி நேரம் நடந்தால் லோயர் ஸ்லாட்டர் கிராமம் வந்துவிடும். அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் அப்பர் ஸ்லாட்டர்.

பிறர் நிலமாயிற்றே என்ற தயக்கம் வேண்டாம். வழியோரக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால், நடப்பவர்களுக்குச் சட்டப்படி அங்கே வழி உண்டு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். ஒதுங்கி நடப்பது நல்லது.

வழியைத் தெரிந்துகொள்ள வரைபடமும் உதவும். ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓ.எஸ்.) எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் 4 செ.மீ. என்பது ஒரு கிலோமீட்டர். பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடுகள்தான் பொதுவழிகள்.

வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியே விடவேண்டும். மாடுகள் தண்ணீர் குடிக்கப் போவதற்காக விவசாயி திறந்து வைத்திருக்கலாம். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் புகாதீர்கள். நாயோடு போகும்போது பசு துரத்தினால், நாயின் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள்.