மாற்றுச் சரக்கும் மறைத்த சரக்கும்



கேட்ட சரக்கு இருப்பில் இல்லை. வாடிக்கையாளர் நிற்கிறார். "அது தீர்ந்துவிட்டது, இதை எடுத்துப் பாருங்கள்" என்று வேறொன்றைக் காட்டுகிறோம். நமக்கு அன்றாடம் நடப்பது இது. இதில் எது வரை வியாபாரம், எங்கே தொடங்குகிறது மோசடி என்பதைப் பார்க்க, இம்முறை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடக்கும் புதுமுறை 'சுஷி' உணவகத் தொழிலைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சுஷி என்றால் பச்சை மீன் என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்துப் பக்குவப்படுத்திய சோறுதான் சுஷிக்கு அடிப்படை. அதன் மேல் மீனும் வைக்கலாம், முட்டையும் வைக்கலாம், காயும் வைக்கலாம். இன்று நாம் காணும் கைப்பிடி சுஷி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடோ என்ற பெயருடன் இருந்த டோக்கியோவின் தெருக்கடைகளில் விற்ற அவசரச் சாப்பாடு.

இந்தச் சோறு கடல் கடந்து போனபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று, ஊர்ச் சரக்கு கிடைக்கவில்லை. மற்றொன்று, வாங்குபவரின் நாக்கு வேறு. கொழுப்புள்ள சூரை மீன் எல்லாக் காலத்திலும் கிடைக்காததால், 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஓர் உணவகத்தில் வெண்ணெய்ப் பழத்தை அதற்குப் பதிலாக வைத்தார்கள் என்பது பலர் சொல்லும் வரலாறு. அந்தப் பழத்திலும் வாயில் கரையும் கொழுப்பு உண்டு. இதைச் செய்தவர் இச்சிரோ மஷிதா என்பார்கள். கனடாவின் வான்கூவர் நகரத்துச் சமையல் கலைஞர் ஹிடேகாசு டோஜோவும் இதற்கு உரிமை கோருகிறார். மேலே சுற்றிய கடற்பாசித் தாளை அமெரிக்கர்கள் விரும்பாததால், தாளை உள்ளே வைத்துச் சோற்றை வெளியே சுற்றினார்கள். அதுவே 'கலிபோர்னியா ரோல்'.

நோபு மாட்சுஹிசா என்பவரின் தொழிலும் கவனிக்கத்தக்கது. 1949இல் ஜப்பானில் பிறந்தவர். 1973இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவுக்குச் சென்று கடை வைத்தார். ஜப்பானியச் சரக்கு அங்கே எளிதில் கிடைக்காது. உள்ளூர் எலுமிச்சை, மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றைத் தம் மீனோடு சேர்த்தார். பின்னர் அலாஸ்காவில் திறந்த உணவகம் சில வாரங்களிலேயே தீயில் போயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து பிறரிடம் வேலை பார்த்து, 1987இல் பெவர்லி ஹில்ஸ் பகுதியில் சொந்தக் கடை திறந்தார். அங்கே ஒரு வாடிக்கையாளர் பச்சை மீனை உண்ண முடியாதென்று தட்டைத் திருப்பிவிட்டார். நோபு அதைக் கொட்டவில்லை. எண்ணெயைக் காய்ச்சி மீன் துண்டுகளின் மேல் ஊற்றி, லேசாக வெந்த பக்குவத்தில் மீண்டும் கொடுத்தார். திரும்பி வந்த அந்தத் தட்டே பிறகு அவர் கடையின் பேர்பெற்ற பண்டமாயிற்று.

நாமும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்நகரத்தில் இப்படிப்பட்ட ஓர் உணவகத்தில் உண்டோம். நீண்ட மேடைக்கு அப்பால் சமையல்காரர் கண்ணெதிரே சோற்றைப் பிடித்து வைக்கிறார். கலிபோர்னியா ரோலைக் காட்டி, உள்ளே இருப்பது நண்டா என்று கேட்டோம். "நண்டு இல்லை, மீன் விழுதில் செய்தது. அசல் நண்டு வேண்டுமானால் விலை கூடும்" என்றார் தயங்காமல். விலைக்கேற்ற பொருள் என்று நாமும் மனநிறைவோடு உண்டோம்.

அதே நகரத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2012 முதல் 2015 வரை 26 சுஷி உணவகங்களில் மீன் மாதிரிகளை வாங்கி, மரபணுச் சோதனை செய்தார்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 47 சதவீத மாதிரிகள் சொன்ன பெயருக்குரிய மீனாக இல்லை. முடிவு 2017இல் வெளியாயிற்று. தவறு மீன் பிடித்த இடத்திலா, இடைத்தரகரிடமா, உணவகத்திலா என்று அந்தச் சோதனை காட்டாது. உணவகக்காரரே ஏமாந்திருக்கலாம். ஆனால் பெயர் கெட்டது யாருக்கு? தட்டை நீட்டியவருக்கே.

மொத்த வியாபாரிகளாகிய நாம் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு ரக அரிசியை வேறு பெயர் அச்சிட்ட மூட்டையில் நாம் அனுப்பினால், அதை அறியாமல் விற்கும் தெருமுனை மளிகைக்காரர்தான் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவார். இருபது வருடம் சேர்த்த நம்பிக்கை ஒரு படி அரிசியில் போய்விடும்.

சிக்கரி கலந்த காபித்தூளைக் கலவை என்றே சொல்லி, விகிதத்தை முகப்பில் அச்சிட்டு விற்கிறோம். யாரும் குறை சொல்வதில்லை. அந்தச் சுவையே வேண்டுமென்று கேட்டு வாங்குகிறார்கள். கடலை எண்ணெய் என்று சொல்லிப் பாமாயில் கலந்ததைக் கொடுப்பது வேறு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன்படி பொய்யான பெயரோடு விற்கும் உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கேட்ட சரக்கு இல்லையென்றால், அதன் குணத்துக்குக் கிட்டிய மாற்றைத் தேடி இருப்பு வைப்போம்.

2. மாற்று என்பதை வாய்விட்டுச் சொல்லி, அதற்குரிய விலையையே வாங்குவோம்.

3. கொள்முதல் பில்லில் ரகப் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட்டையை இறக்குவோம். மொத்தக் கடைக்காரர் எழுதித் தர மறுத்தால் அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம்.

4. வாடிக்கையாளர் திருப்பிய பொருளுக்கு முகம் சுளிக்காமல் காரணம் கேட்போம். அடுத்த சரக்கு எது என்பதை அந்தப் பதில் சொல்லிவிடும்.