ஐரோப்பா கிளம்பும் தங்கச்சிக்கு

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார், கண்ணு. ஷெங்கன் விசா கேட்கிறவர்களுக்கு அது கடந்த 10 வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஹோட்டல் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயர் போடு. நம் இனிஷியல் அதில் அப்பா பெயராக விரிந்திருக்கும்; பழக்கதோஷத்தில் ஒற்றை எழுத்தோடு நிறுத்திவிடாதே.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதென்று ஏதோ ஒரு நாட்டைப் பிடிக்கக் கூடாது. அதிக நாள் எங்கே தங்குகிறாயோ அந்த நாடுதான். பாரிஸில் 5 இரவு, சுவிட்சர்லாந்தில் 3 என்றால் பிரான்ஸ். சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். மே மாதம் போவதென்றால் பொங்கல் முடிந்ததுமே தேட ஆரம்பி.

கடைசி வாரத்தில் கைமாற்று வாங்கிக் கணக்கில் 3 லட்சம் போட்டுக் காட்டுவதை நான் ஒப்பவே மாட்டேன். மாதாமாதம் சம்பளம் வருகிறதா, செலவு போக மிஞ்சுகிறதா என்றுதான் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பார்கள். திடீர்ப் பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். அப்பா செலவு செய்கிறார் என்றால் அதையே கடிதமாக எழுதி, அவருடைய ஸ்டேட்மென்ட்டையும் ஐ.டி. ரிட்டர்னையும் சேர்த்து வை. ஆபீஸில் லீவு கொடுத்த கடிதமும் வேண்டும்.

கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. விசா மறுத்தாலும் திரும்ப வராது. மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. விசா வரும்வரை, பணம் திரும்பாத டிக்கெட் மட்டும் எடுக்காதே.

விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் நிதானமாகப் படி. செல்லுபடித் தேதிகள் வேறு, தங்கும் நாள்கள் வேறு. இரண்டு தேதிக்கும் நடுவே 27 நாள் இருந்தாலும், தங்க 12 நாள் என்று போட்டிருந்தால் 12தான். ராத்திரி 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள். நுழைவு 01 என்று இருந்தால், நடுவில் லண்டன் போய்விட்டுப் பாரிஸ் திரும்ப முடியாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்கு விசாவும் தனி. லண்டனை முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொள்.

விசா இருந்தாலும் இமிக்ரேஷனில் கேள்வி கேட்கலாம். ஹோட்டல் புக்கிங், இன்ஷூரன்ஸ், திரும்பும் டிக்கெட் மூன்றையும் பிரின்ட் எடுத்துக் கைப்பையில் வை. லக்கேஜில் போட்டுவிட்டால் அந்த வரிசையில் நிற்கும்போது எட்டாது.